சபார்டினேட் கிளாஸ்: தமிழில் என்ன சொல்வது?

'கிளாஸ்' என்று தமிழில் எழுதிவைத்தால் அது பள்ளி வகுப்பா, தண்ணீர் குடிப்பதா, ஒப்பந்தத்தில் வரும் ஷரத்தா என்று தெரியாது. ஆங்கில இலக்கணத்தின் 'கிளாஸ்' அந்த வரிசையில் நான்காவது. எழுவாயும் பயனிலையும் கொண்ட சொற்கூட்டம் என்பது அதற்குப் பொருள். தனித்து நிற்க முடியாமல் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் அது சபார்டினேட் கிளாஸ்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'மூடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது 'கிளௌசுலா'. உரோமானியச் சொற்பொழிவாளர்கள் வாக்கியத்தை முடிக்கும் இடத்தை அப்படி அழைத்தார்கள். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. 'சப்' என்றால் கீழே, 'ஓர்டோ' என்றால் வரிசை. எனவே 'சபார்டினேட்' என்றால் கீழ்வரிசையில் வைக்கப்பட்டது என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், 'மழை பெய்தால்' என்று நிறுத்தினால் எதுவும் மூடவில்லை, கேட்பவர் 'பெய்தால்?' என்று காத்திருக்கிறார். நம் இலக்கணம் இதற்கு வைத்த பெயர் எச்சம். எஞ்சி நிற்பது, முடியாதது. லத்தீன் பெயரைவிட இதுவே பொருத்தம் என்பேன்.

ஆங்கிலத்தில் இதை மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: பெயர்போல் நிற்பது, பெயரைத் தழுவுவது, வினையைத் தழுவுவது.

இவற்றில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இரண்டாவதில். ஆங்கிலத்தில் பெயர் முன்னே வரும், 'ஹூ', 'விச்', 'வேர்', 'வென்' என்று ஆளுக்கும் பொருளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் தனித்தனி இணைப்புச் சொல் அதன் பின்னே வரும். தமிழில் பெயரெச்சம் ஒன்றே போதும். உண்ட ஆள், உண்ட சோறு, உண்ட வீடு, உண்ட நாள். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப் பெயரும் பெயரெச்சத்துக்கு எஞ்சி நிற்கும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்துவிட்டார். இதை மறந்தவர்கள்தான் 'நான் வாங்கிய புத்தகம்' என்பதை 'எந்தப் புத்தகத்தை நான் வாங்கினேனோ அந்தப் புத்தகம்' என்று மொழிபெயர்க்கிறார்கள்.

வினையைத் தழுவுவதில் ஆங்கில இணைப்புச் சொல் தலையில் நிற்கும், நம்முடையது வாலில். கவனம் வேண்டிய இடம் ஒன்று: 'பெய்தால்' நிபந்தனை, 'பெய்ததால்' காரணம். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு.

பெயர்போல் நிற்பதற்கு 'அவன் வந்தது எனக்குத் தெரியும்' என்று தொழிற்பெயரைப் போடலாம். 'அவன் வருவான் என்று தெரியும்' என்றும் சொல்லலாம். இங்கே 'வருவான்' முற்றாகத்தானே இருக்கிறது, எச்சம் எங்கே என்று கேட்கலாம். 'என்று' தான் எச்சம். 'என்' என்னும் வினையடியில் பிறந்த வினையெச்சம். முடிந்த வாக்கியத்தையும் அது பிடித்து மீண்டும் திறந்துவிடுகிறது.

பாடநூல்களில் 'துணை வாக்கியம்' என்ற சொல் புழங்குகிறது. எனக்கு அதில் இரண்டு மனக்குறை. வாக்கியம் என்றால் முடிந்திருக்க வேண்டும், இது முடியாதது. 'துணை' என்றதும் துணைவினை நினைவுக்கு வருகிறது, அது வேறு சங்கதி. 'எச்சத்தொடர்' என்றே வைத்துவிடலாமா? தமிழ் வாக்கியங்களுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்குள் பெரும்பாலும் முற்றுவினையே இருப்பதால் அங்கே இடிக்கும். ஆகவே ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்கும்போது 'சார்புத் தொடர்' என்பதே என் தேர்வு. வகைகளைப் பெயர்ச் சார்புத் தொடர், பெயரடைச் சார்புத் தொடர், வினையடைச் சார்புத் தொடர் எனலாம்.