பள்ளி நூலகமும் அன்றாட வாசிப்பும்: சட்டம் சொல்வது என்ன, பெற்றோர் கேட்கக்கூடியது என்ன

பள்ளி நூலகம் என்பது தலைமையாசிரியர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை என்றே குமரி மாவட்டப் பெற்றோர் பலர் எண்ணுகிறார்கள். ஆனால், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்றும், அதில் நாளிதழ்களும் இதழ்களும், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்களும் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இதில் 'எல்லாப் பாடங்களுக்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாசிப்பைத் தமிழாசிரியரின் வேலையாக மட்டும் ஒதுக்கிவிட இந்த வாசகம் இடம் தரவில்லை. திருவட்டாறு பக்கம் ஒரு பிள்ளை, சிரட்டையில் சேர்ந்த ரப்பர் பாலை அப்பா தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறையவிடுவதை நாள்தோறும் பார்க்கிறது. பால் ஏன் உறைகிறது என்று விளக்கும் ஒரு சிறு அறிவியல் நூல் கைக்குக் கிடைத்தால், அதைப் படி என்று யாரும் சொல்ல வேண்டியிராது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இங்கே உதவிபெறும் பள்ளிகள் மிகுதி. அவற்றில் பல சிறுபான்மையினர் நடத்துபவை. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த அட்டவணையைக் காட்டி வாதாட முடியாது. நிர்வாகத்திடம் வேண்டுகோளாகவே வைக்கலாம்.

அரசுப் பள்ளிகளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைகள் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வழங்க இடமளிக்கின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை வெளியிட்டுள்ளது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்த அளவுக்குச் சரளமாக வாசிக்கிறது என்பதே இங்கு கணக்கு. ஆறாம் வகுப்பு மாணவி 'நட' நிலைப் புத்தகத்தை எடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விளவங்கோடு பக்கம் மலையாள வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியிலும் நூல்கள் வேண்டும் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

புத்தகம் வந்து சேர்வதோடு காரியம் முடிவதில்லை. புத்தகங்கள் பெரும்பாலும் பூட்டிய பீரோவுக்குள்தான் இருக்கின்றன. ஆசிரியர்களை மட்டும் இதற்குக் குறை சொல்வது நியாயமன்று. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் தாமே பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த ஊரில், பூட்டி வைத்த புத்தகமும் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுத்தான் போகிறது. வகுப்புக்கு நாற்பது புத்தகங்களைப் பிரித்துக் கொடுத்து, மாணவர்களே எழுதும் ஒரு வழங்கல் நோட்டையும் வைத்தால், பொறுப்பும் பகிர்ந்துவிடும், புத்தகமும் கைக்கு வரும்.

நாள்தோறும் இத்தனை நிமிடம் வாசிக்க விட வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் வரையறுக்கவில்லை. அது பள்ளியின் கையில் உள்ளது. காலையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வேளையில் கணக்கு ஆசிரியரும் ஒரு புத்தகத்தோடு அமர்ந்து, பிறகு கேள்வி எதுவும் கேட்காமல் விட்டால் போதும் என்பது என் கருத்து. கேள்வி கேட்டால் அதுவும் இன்னொரு பாடமாகிவிடும்.

இவற்றைக் கேட்பதற்குரிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதன் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மானியம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் குழுவின் பணிகள். உதவிபெறும் பள்ளிகளில் மட்டும், 2012 திருத்தத்தின்படி, இக்குழு ஆலோசனை சொல்லலாமே தவிர முடிவெடுக்க முடியாது. அரசுப் பள்ளியில் நூலகமே இல்லையென்றால், 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லாதவர் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.