வாங்கிய விலையை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

“தம்பி, நாலு வெள்ளிக்கு வாங்கின பங்கு இது. வருசத்துக்கு 32 சென் லாப ஈவு தருது. எட்டு விழுக்காடு! இதைப் போய் யாராவது விப்பாங்களா?”

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அலுவலகத்துக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டது. பங்குத் தரகு வேலையில் இதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து மாதம் தவறாமல் வருகிறது.

சார் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பங்கின் விலை பத்து ரிங்கிட், அதாவது பத்து வெள்ளி. விற்றால் கைக்கு வருவது பத்து, அந்தப் பத்துக்குத்தான் 32 சென் வருகிறது, அதாவது வெறும் 3.2 விழுக்காடு. 2024-க்கு நம் ஊழியர் சேமநிதி 6.30 விழுக்காடு கொடுத்தது. நாலு ரிங்கிட்டுக்கு வாங்கியது அன்றைக்கு நல்ல முடிவு, அதோடு சரி, இனியும் வைத்திருக்கலாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அதற்காக உடனே விற்கச் சொல்லவில்லை. 3.2 குறைவுதான், ஆனாலும் கம்பெனியின் லாபம் வருடா வருடம் ஏறி, பங்குதாரருக்கு அதிலிருந்து பிரித்துத் தரும் ஈவும் கூடவே ஏறிக்கொண்டிருந்தால் தாராளமாக வைத்திருக்கலாம். ஐந்து வருட ஆண்டறிக்கைகளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து வருடமும் அதே 32 சென், லாபமும் இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஏறியது விலை மட்டும். சார் பாதியை விற்றார்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதற்கு நேர்மாறான நிலைமை. இரண்டு ரிங்கிட் பங்கு 12 சென் தந்தால் ஆறு விழுக்காடு. விலை ஒரு ரிங்கிட்டுக்கு விழுந்தால் அதுவே பன்னிரண்டு விழுக்காடாகத் தெரியும், கம்பெனி ஒரு சென்கூடக் கூடுதலாகத் தராமலேயே! போன வருடத்து ஈவை இன்றைய விலையால் வகுத்தால் அப்படித்தான் வரும். அடுத்த வருடமும் 12 சென் வரும் என்று யார் சொன்னது? கோவிட் காலத்தில் நம் கையுறைக் கம்பெனிகள் இதுவரை காணாத லாபம் பார்த்து, ஈவையும் அள்ளிக் கொடுத்தன. பிறகு விலை சரிந்தபோது பழைய ஈவை வைத்துப் பார்த்தவர்களுக்கு விழுக்காடு இரட்டை இலக்கத்தில் தெரிந்தது, மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னும் வாங்கிச் சேர்த்தார்கள். கையுறை விலை இறங்கியது, லாபம் கரைந்தது, சில கம்பெனிகள் நட்டத்துக்கே போயின. ஈவும் போனது.

அதனால் விழுக்காடு பெரிதாகத் தெரிந்தால் முதலில் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு லாபம் என்று பாருங்கள். பத்து சென் சம்பாதித்துப் பன்னிரண்டு சென் கொடுக்கிற கம்பெனி, பெரும்பாலும் சேமிப்பிலிருந்தோ கடன் வாங்கியோதான் கொடுக்கிறது. அப்புறம், நிலத்தையோ கட்டடத்தையோ விற்று ஒரே ஒரு தடவை தந்த சிறப்பு ஈவு கணக்கில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் படமே மாறிவிடும். கட்டடங்களை வாங்கி, வாடகை வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்து தரும் ரியல் எஸ்டேட் அறக்கட்டளைகளான ரீட்டுகளை இதோடு ஒப்பிட வேண்டாம். வரிச்சலுகைக்காக அவை வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பகிர்ந்துவிடுகின்றன, விழுக்காடு கூடுதலாக இருப்பது இயல்பு.

வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஒருவரின் ஈவு வருமானத்தில் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 2 விழுக்காடு வரி. நம்மில் பெரும்பாலோருக்கு விற்பதா வேண்டாமா என்பதை இது மாற்றாது.

போன வாரம் ஒரு அக்கா வந்தார். ஒரு பங்கை விற்பதென்று முடிவே செய்துவிட்டார், ஆனால் ஈவு நீங்கும் தேதிக்கு (அன்றிலிருந்து பங்கை வாங்குகிறவருக்கு அந்த ஈவு கிடைக்காது, முன்பே வைத்திருப்பவருக்குத்தான்) இன்னும் இரண்டு நாள், “அதையும் வாங்கிட்டு வித்திடலாமே” என்றார். அந்தத் தேதி வந்ததும் பொதுவாக ஏறக்குறைய ஈவின் அளவுக்கு விலையும் இறங்கிவிடும் அக்கா, ஒரு கையில் வாங்கி மறுகையில் கொடுக்கிற மாதிரிதான் என்று அந்தப் பங்கின் பழைய விலைகளையே எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று மதியமே விற்றுவிட்டோம்.