தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். போன வாரம் ஒருவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. காகிதம் அப்படிச் சத்தம் போடாது. லேமினேஷன்! இந்த வருஷத்தில் இது மூன்றாவது.

உள்ளே இருந்தது தெனி திதரோ பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஒரு படத்தாள். 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வந்தது. அவற்றில் 11 தொகுதிகள் முழுக்கப் படங்கள். கைத்தொழில்களைப் பட்டறைக்கே ஆளனுப்பி வரைய வைத்தார்கள். காகிதத் தொழில் படங்களுக்காக ஓவியர் கூசியே, மோந்தார்ஜி ஊர்ப் பக்கம் இருந்த ஆலைக்குப் போனார். இந்தத் தாளும் அந்த வரிசைதான். கம்பிச் சல்லடையைக் கூழில் முக்கி எடுக்கிறார் ஒரு தொழிலாளி. காகிதம் பிறக்கும் படத்தையே பிளாஸ்டிக்கில் போட்டு அவித்திருக்கிறார்கள்.

"ரொம்பப் பழசு சார், தொட்டா உதிர்ந்துடுமேன்னு பயம்" என்றார். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். உதிராது! உங்கள் தாத்தாவின் பாடப்புத்தகம் உதிரும், பழைய நாளிதழ் உதிரும். அவை மரக்கூழ்; அமிலம் உள்ளிருந்தே தின்றுவிடும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் காகிதம் செய்தது கந்தலான லினன் துணியில். நீளமான நார், மேலே வச்சிரப் (விலங்குத் தோல் பசை) பூச்சு. எத்தனை வயது என்று பார்க்காதீர்கள், எதில் செய்தது என்று பாருங்கள். என் மேசையில் 1760களின் தாள் வளைந்து கொடுக்கிறது. 1930களின் தாள் அப்பளமாக நொறுங்குகிறது.

இன்னொன்று. அசல் அச்சில் செப்புத் தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும். சூடான உருளை அதையும் நசுக்கிவிடுகிறது. (ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் லேமினேஷன் செய்தன. எங்கள் தொழிலின் பாவம் அது, இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.)

சரி, என்ன செய்யலாம்? செலோடேப் பக்கமே போகாதீர்கள். ஃபிரேம் கடைக்காரர் பின்னால் வைக்கும் பழுப்பு அட்டை வேண்டாம், அமிலமில்லாத அட்டை கேளுங்கள். ஃபிரேமின் கண்ணாடி, தாளின் மேல் உரசக் கூடாது. வெயில் விழும் சுவரும் ஆகாது, ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. பைண்டிங் கடையின் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வேண்டவே வேண்டாம். மஞ்சளாகிவிட்டதே என்று பிளீச்சில் முக்காதீர்கள், ஐயா! கிழிந்திருந்தால் துண்டுகளைப் பொறுக்கி அப்படியே கொண்டுவாருங்கள். கிழிசல் எங்களுக்குச் சின்ன வேலை.

அந்தத் தாளின் ஒரு மூலையை மட்டும் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் உரிந்து வந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.