பல் எடுக்கும் குறடும் அதற்கு முந்தைய வேலையும்

கடைவாய்ப் பல்லை எடுத்தாக வேண்டும் என்றதும் பெரும்பாலோரின் கண் முதலில் போவது தட்டிலுள்ள குறட்டின் மீதுதான். பலத்தையெல்லாம் திரட்டி இழுப்பார்கள் என்ற அச்சத்தினாலேயே, வலி மாத்திரையோடு மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, முகம் வீங்கிய பிறகு வருவோர் பலர். உண்மையில் இந்தச் சிகிச்சையில் இழுக்கும் வேலை மிகக் குறைவு.

வேரையும் தாடை எலும்பையும் பிணைத்து வைத்திருப்பது ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்த்திசு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைப் பல்லின் கழுத்திலிருந்து மெல்லப் பிரித்த பின், எலிவேட்டர் எனப்படும் நெம்புகருவியின் முனையை வேருக்கும் எலும்புக்கும் இடையே செலுத்திச் சிறிது சிறிதாகத் திருப்பும்போது, அந்த நார்கள் அறுபட்டு எலும்புக் குழியும் சற்றே விரிகிறது. இறுகிப்போன வேலிக்கம்பை அசைத்து அசைத்துக் குழியைத் தளர்த்துவது போன்றதுதான் இது. எடுக்க வேண்டாத பக்கத்துப் பல்லின் மீது கருவியை ஊன்றக் கூடாது. முனை வழுக்கினால் நாக்கையோ கன்னத்தையோ கிழித்துவிடும் என்பதால், மருத்துவரின் மறுகை விரல் எப்போதும் காவலாக வாய்க்குள் இருக்கும். சிலர் முகம் சுளிப்பது அந்த விரலைப் பார்த்துத்தான்.

அதன் பிறகே ஃபோர்செப்ஸ் எனும் குறடு வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புழங்கிய ‘பல் சாவி’ பல்லைக் கொக்கியிட்டுப் பக்கவாட்டில் முறுக்கியதால், பல்லும் சில வேளைகளில் தாடையும் உடைந்தன. பல்லின் கழுத்து வடிவத்துக்குப் பொருந்தும் குறட்டை ஆங்கில மருத்துவர் ஜான் டோம்ஸ் 1841-இல் விவரித்தார். இன்றைய குறடுகளும் அவ்வழியில் வந்தவையே. மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாகக் கன்னப் பக்கம் இரண்டு வேர்களும் அண்ணப் பக்கம் ஒரு வேரும் இருப்பதால், அந்த இரு வேர்களுக்கு இடையே பொருந்துமாறு, அதற்குரிய குறட்டில் பல்லைப் பிடிக்கும் இரு அலகுகளில் கன்னப் பக்கத்து அலகு மட்டும் கூராக இருக்கும். அதனால் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனிக் குறடு வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர்கள் முன்னும் பின்னுமாக அமைவதால் இரு அலகுகளுமே கூரானவை. தட்டில் கருவிகள் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஊசி வலியைத்தான் நிறுத்தும். அழுத்தும் உணர்வும் ‘டக்’கென்ற ஓசையும் இருக்கவே செய்யும். கூர்மையான வலி தெரிந்தால் உடனே கையை உயர்த்துங்கள். கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டு தொடரலாம்.

என் கருத்தில், நோயாளி கவலைப்பட வேண்டியது கருவியின் தோற்றத்தைப் பற்றி அல்ல, தூய்மையைப் பற்றி. வெந்நீரில் கொதிக்க வைப்பதும் ஸ்பிரிட்டால் துடைப்பதும் நுண்ணுயிரிகளின் வித்துகளை, அதாவது வெப்பத்தையும் தாங்கும் அவற்றின் உறங்குநிலை வடிவங்களை, அழிக்கப் போதாது. குறட்டின் மூட்டில் படிந்த இரத்தத்தைத் துலக்கிக் கழுவிய பின், ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ நீராவியில் வைக்க வேண்டும். கருவி இருக்கும் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். உறையின் மீதுள்ள அடையாளம் நிறம் மாறியிருக்க வேண்டும். அந்த நிறமாற்றம் வெப்பம் பட்டதை மட்டுமே காட்டும். வித்துகள் அழிந்தனவா என்பதை அறியத் தனிச் சோதனைப் பட்டைகள் உள்ளன; அவற்றை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவமனையில் அதற்கென்று ஒரு பதிவேடும் இருக்கும்.