உள்ளிருந்து மட்டும் திறக்கும் பூட்டு, ஊருக்கே திறந்த கதை

பட்டர்வொர்த்தில் உள்ள சிறிய லாரி நிறுவனம் ஒன்றின் சர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் பெர்ரிக்காகக் காத்திருந்த நேரத்தில், கைப்பேசியில் அவர்களுடைய இணைய முகவரியின் பின்னால் 'மேனேஜர்' என்ற பாதையைச் சேர்த்துத் திறந்து பார்த்தேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி வந்து நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அது, ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் அப்பாச்சி டாம்கேட் என்ற மென்பொருளின் நிர்வாகப் பக்கம். அதற்குள் நுழைந்தவர் ஒரே ஒரு வார் (WAR) கோப்பை, அதாவது ஒரு செயலியின் பொதியை, ஏற்றினால் போதும், அவர் எழுதிய நிரல் அந்த சர்வரில் ஓடத் தொடங்கிவிடும். ஓட்டுநர்களின் அடையாள அட்டை எண்களும் சம்பளக் கணக்கும் அதே சர்வரில்தான் இருந்தன.

"தம்பி, முன்பு பார்த்தவர் அது உள்ளிருந்து மட்டும்தான் திறக்கும் என்று சொன்னாரே?" என்றார் முதலாளி.

அவர் சொன்னது உண்மைதான். அமைப்புக் கோப்பில் 127.0.0.1 என்ற முகவரிக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 127.0.0.1 என்றால் இதே இயந்திரம். டாம்கேட்டின் நிர்வாகச் செயலி இந்தக் கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. அதை யாரும் தளர்த்தவில்லை. பிறகு எப்படித் திறந்தது?

அதே இயந்திரத்தில், டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற இன்னொரு வெப் சர்வரை வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அதுதான் வாங்கி உள்ளே டாம்கேட் காத்திருக்கும் 8080 போர்ட்டுக்கு, அதாவது அந்த எண்ணுள்ள வாசலுக்கு, கொடுக்கிறது. டாம்கேட் தன்னிடம் நேரே வந்து பேசுபவரின் முகவரியை மட்டுமே பார்க்கும். பேசுவது என்ஜின்எக்ஸ், அதன் முகவரியோ 127.0.0.1. ஆகவே பினாங்கிலிருந்து வந்தாலும் பிரேசிலிலிருந்து வந்தாலும் டாம்கேட்டின் கண்ணுக்கு எல்லாரும் வீட்டு ஆட்கள். "ஐயா, வாசலில் ஒரு காவலாளியை வைத்தீர்கள். உள்ளே இருப்பவர், காவலாளி அழைத்து வந்தால் நம்மவர் என்று எல்லாரையும் விட்டுவிடுகிறார்" என்று விளக்கினேன்.

இது டாம்கேட்டோடு நிற்கும் சிக்கல் அன்று. அப்பாச்சி வெப் சர்வரின் நிலைப் பக்கமும் பெரும்பாலும் 'உள்ளூருக்கு மட்டும்' என்றே அமைந்திருக்கும். அதே இயந்திரத்தில் முன்னால் வேறொரு சர்வரை நிறுத்தினால், எந்தெந்தப் பக்கங்கள் கேட்கப்படுகின்றன என்ற பட்டியல் ஊருக்கே தெரிந்துவிடும்.

வந்தவரின் உண்மையான முகவரியைக் கோரிக்கையோடு போகும் தலைப்பு வரியில் எழுதி உள்ளே அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் அந்த வரியை வெளியே இருப்பவரே பொய்யாக எழுதி அனுப்பவும் முடியும். முன்னால் நிற்கும் சர்வர் அதை அழித்துவிட்டு, தான் கண்ட முகவரியை எழுதினால்தான் அந்த வரிக்கு மதிப்பு. இந்த இடத்தில் தவறியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் நிர்வாகப் பக்கத்தைக் காக்க இந்த வழியை மட்டும் நம்ப மாட்டேன்.

நாங்கள் செய்தது வேறு. எல்லாப் பாதைகளையும் உள்ளே அனுப்பும் வரியை எடுத்துவிட்டு, லாரிப் பதிவுச் செயலியின் பாதையை மட்டும் அனுப்பினோம். 8080 வெளியுலகுக்கு நேராகவும் திறந்திருந்தது. அதை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு கட்டினோம். முன்னால் நிற்கும் சர்வரோடு பேச டாம்கேட் வைத்திருக்கும் இன்னொரு வாசலான 8009 போர்ட்டை மூடினோம். 2020 பிப்ரவரியில் வெளியான 'கோஸ்ட்கேட்' என்ற ஓட்டை அந்த வழியாகத்தான் சர்வரில் உள்ள செயலிகளின் கோப்புகளைப் படிக்க விட்டது. டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. இவர்களிடம் இருந்ததோ அதற்கும் பழைய பதிப்பு.

தொலைவிலிருந்து நிர்வகிக்க வேண்டாமா? வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பாலம் கடந்து ஓட என்னாலும் முடியாது. வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறுவதால், சலித்துப்போய் எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். சர்வருக்குள் மறையாக்கத்தோடு நுழையும் இணைப்பான எஸ்எஸ்எச் (SSH) வழியே ஒரு சுரங்கம் போதும்: என் மடிக்கணினியின் ஒரு போர்ட்டை சர்வருக்குள் இருக்கும் 8080-உடன் இணைத்துவிட்டால், நிர்வாகப் பக்கம் என் உலாவியில் திறக்கும், வெளியே அதற்கு வாசலே இருக்காது. எஸ்எஸ்எச் நுழைவுக்கும் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும் என்று வையுங்கள்.

இவை அத்தனைக்கும் ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் தனிநபர் தரவு கசிந்து, அதனால் பெரும் தீங்கு நேரக்கூடும் என்றால், 2025 ஜூன் 1 முதல் மலேசியாவில் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும். சிறு நிறுவனம் என்று காரணம் சொல்லித் தப்ப முடியாது.

கடைசியாக என்ஜின்எக்ஸின் பதிவேட்டைத் திறந்தேன். ஏறக்குறைய நாள்தோறும் யாரோ மேனேஜர் பாதையைத் தட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் 401 என்ற மறுப்பே பதிலாகப் போயிருந்தது. ஆனால் பதிவேட்டில் இருந்தவை 14 நாட்கள் மட்டுமே. பழையவை தாமாக அழிந்திருந்தன. "அதற்கு முன்பு யாராவது உள்ளே வந்தார்களா, தம்பி?" என்று முதலாளி கேட்டார். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த வார இறுதியில் சர்வரை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவினோம். தரவுத்தளம் முதல் மின்னஞ்சல் வரை எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினோம். பதிவேட்டை இப்போது ஓராண்டுக்கு வேறோர் இயந்திரத்தில் சேமித்து வைக்கிறோம்.