மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போகும் வெளிச்சம்

“என் வாத்துகளில் ஒன்றுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பகல் குறைகிற மாதங்களில் மற்றவை முட்டையை நிறுத்தும்போது அதுவும் நிறுத்துகிறது, பகல் நீளத் தொடங்கியதும் அதுவும் ஆரம்பித்துவிடுகிறது. வெளிச்சமே தெரியாத வாத்துக்கு இது எப்படிப் புரிகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பறவைகளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

முட்டை உருவாகும் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டை வாத்து முட்டையிட ஆண் வாத்து வேண்டியதில்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். இடப்பக்கச் சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு குழாய்க்குள் விழும், வெண்கரு அதைச் சுற்றும், சவ்வு மூடும், கடைசியில் சுண்ணாம்பு ஓடு படியும். மொத்தம் ஏறக்குறைய ஒரு நாள், அதில் பெரும்பங்கு ஓட்டுக்கே போய்விடுகிறது. கோழிக்கு இந்தச் சுற்று 24 மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டுவதால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். வாத்துக்கு அது 24 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் பெரும்பாலான முட்டைகள் விடியலை ஒட்டியே வந்துவிடும். அதனால் காலை எட்டு, ஒன்பது மணி வரை கொட்டகையைத் திறக்காதீர்கள். திறந்தால் புதருக்குள்ளும் குட்டைக்குள்ளும் முட்டை தேட வேண்டியிருக்கும்.

சரி, இந்த வேலையெல்லாம் தொடங்குவதற்கு மூளையிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவு பகலின் நீளத்தைப் பொறுத்தது.

1930களில் பிரான்சில் ஜாக் பெனுவா என்ற விஞ்ஞானி இளம் ஆண் வாத்துகளுக்குச் செயற்கை வெளிச்சம் கொடுத்துப் பகலை நீட்டினார். அவற்றின் விரைகள் பெருத்தன, அதாவது உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாரானது. கண்களை அகற்றிய வாத்துகளிலும் அதேதான் நடந்தது! பிறகு குவார்ட்ஸ் தண்டு ஒன்றின் வழியாக மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பக்கமே வெளிச்சத்தைச் செலுத்திப் பார்த்தார். அப்போதும் விரைகள் வளர்ந்தன. அதாவது வாத்தின் மூளையே வெளிச்சத்தை உணர்கிறது. பின்னாளில் அமெரிக்காவில் மைக்கேல் மெனகர் என்ற விஞ்ஞானி, சிட்டுக்குருவிகளின் தலைத் தோலுக்கு அடியில் கருப்பு மையைச் செலுத்தினார். வெளிச்சம் உள்ளே போவது தடைப்பட்டது, குருவியின் உடல் நீண்ட பகலைக் கவனிக்கவே இல்லை.

எலும்பைத் தாண்டி வெளிச்சம் போகுமா என்று சந்தேகமாக இருந்தால், இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். சதை சிவப்பாக ஒளிரும், ஏனென்றால் சிவப்பு ஒளிதான் திசுவுக்குள் அதிக ஆழம் போகும். பறவையின் மண்டை ஓடோ மிக மெல்லியது. 2010-இல் காடையின் மூளைக்குள், மூளைத் திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நரம்பணுக்களில், ஆப்சின்-5 என்ற ஒளி உணர் புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திரையில் இருக்கும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று மூளையின் ஆழத்தில் உட்கார்ந்து பகலைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

இதைவிட அழகு, அது பகலை அளக்கும் விதம். மூளை வெளிச்சத்தைக் கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. உடலின் நாள் கடிகாரம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு ஜன்னலைத் திறக்கிறது. அந்த நேரத்தில் வெளிச்சம் இருந்தால் ‘பகல் நீண்டுவிட்டது’ என்று அர்த்தம். காடைகளுக்குக் குறுகிய பகலே கொடுத்து, இரவில் அந்தச் சரியான நேரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டாலே அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. அப்புறம் அந்த இடத்திலேயே தைராய்டு ஹார்மோன் முடுக்கிவிடப்பட்டு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி போய், சினைப்பை விழிக்கிறது. வாசகரின் வாத்துக்கும் இந்தப் பாதை முழுசாகத்தான் இருக்கிறது, கண்தான் இல்லை.

பெனுவா வாத்துகளின் மேல் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ‘இதனால் யாருக்கு என்ன லாபம்’ என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்காது. லாபம் காட்டினால்தான் பணம் என்று அடிப்படை ஆராய்ச்சியை நெருக்குவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. அதேபோல, முட்டை நின்றதும் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பழி சொல்வதையும் விட்டுவிடலாம். பகலின் நீளம், தீவனம், இறகு உதிர்ப்பு, அடைக்கு உட்காருதல் என்று பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பகல் பெரிதாக மாறாது, அங்கே தீவனத்தையும் வெயிலையும் முதலில் கவனியுங்கள். தள்ளி இருப்பவர்கள், குறும்பகல் மாதங்களிலும் முட்டை வேண்டுமென்றால், இயற்கை வெளிச்சத்தோடு விளக்கையும் சேர்த்து 14 முதல் 16 மணி நேரம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். மங்கலான விளக்கே போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும், இடையில் சட்டென்று நிறுத்தினால் முட்டை நின்று இறகும் உதிரத் தொடங்கலாம். நானாக இருந்தால் விளக்கே போடாமல் அந்த மாதங்களில் ஓய்வு கொடுத்துவிடுவேன். ஓட்டுக்காக எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்த உடம்பு அது.