தம்பி தூங்கும் நேரமே பாட நேரம்: வீட்டுக் கல்விக்கு ஒரு நாள் திட்டம்

காரைக்குடியில் குழந்தை வளர்ச்சி ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பாடத்தைப் பற்றியவை அல்ல. எந்தப் புத்தகத்தை வாங்குவது, பெருக்கலை எப்போது தொடங்குவது என்பவற்றுக்கெல்லாம் அவர்களே விடை தேடிக்கொள்கிறார்கள். அவர்களைத் தளரச் செய்வது, அக்காளின் நோட்டைக் கிழிப்பதும் பென்சிலை வாயில் வைப்பதுமாக வீடெங்கும் நடந்து திரியும் ஒன்றரை வயதுப் பிள்ளைதான்.

கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அந்தத் தாய் வண்ணத்தாளில் எழுதி, வீட்டுக் கூடமான பட்டாலைச் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைக் காட்டினார். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 3.30 வரை, 40 நிமிடத்துக்கு ஒரு பாடமாக, அச்சு அசலாக ஒரு பள்ளியின் அட்டவணை அது. மூன்று வாரமாக ஒரு நாள்கூட அதன்படி நடக்கவில்லை என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அருகில் நின்ற ஏழு வயதுப் பெண், "தம்பி முழிச்சா எனக்குப் பாடம் முடிஞ்சிரும்" என்றாள். அந்த வீட்டுக்குத் தேவையான அட்டவணை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. வீட்டின் கடிகாரம் சின்னவனின் தூக்கமும் பசியும்தான். அவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே பாடத்தைக் குறிக்க வேண்டும்.

ஆகவே, என்னிடம் வருவோரிடம் நான் முதலில் கேட்பது, ஒரு வாரத்துக்குப் பாட அட்டவணையே போடாமல், சின்னக் குழந்தை எப்போது எழுகிறது, எப்போது பசித்து அழுகிறது, எப்போது தூங்குகிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிவரும்படிதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுகளில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் பல குழந்தைகள் இரண்டு பகல் தூக்கத்திலிருந்து ஒரே தூக்கத்துக்கு மாறுகின்றன. அந்த மாற்றம் நடக்கும் வாரங்களில் எந்தத் திட்டமும் நிற்காது என்பதால், அப்போது பாடத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது. ஒரே தூக்கமாக நிலைத்துவிட்டால், காலை 11.30 மணிக்கே சோறூட்டி, 12 மணிக்குப் படுக்கவைக்கலாம். அதைப் பிற்பகல் 3 மணிக்கு மேல் நீளவிட்டால் இரவுத் தூக்கம் தள்ளிப்போய், மறுநாள் காலையே குலைந்துவிடும்.

பெரியவளுக்கு மனம் ஒன்றிச் செய்ய வேண்டிய கணக்கையும் எழுத்தையும் அந்த நண்பகல் தூக்கத்தின் முதல் முக்கால் மணி நேரத்தில் வைக்க வேண்டும். மீதி நேரம் தாய்க்கு உரியது. அவர் உட்கார்ந்து சாப்பிடவும் சற்றே சாயவும் அந்த நேரத்தை விட்டுவைக்காத அட்டவணை எதுவும் இரண்டு மாதம் தாங்கியதை நான் கண்டதில்லை. முக்கால் மணி நேரம் போதுமா என்ற கவலை எல்லோருக்கும் வருகிறது. வகுப்பில் 30 பிள்ளைகளை வரிசைப்படுத்தவும், ஒவ்வொருவரின் நோட்டையும் திருத்தவும், பின்தங்கியவருக்காகக் காத்திருக்கவும் ஆகும் நேரம் வீட்டில் இல்லை. 7 வயதுப் பிள்ளைக்கு, காலையில் வாய்வழியாக நடப்பதையும் சேர்த்து, ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் முறையான பாடம் இருந்தால் அதுவே நிறைவானது.

காலைப் பாடம் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். நூலைத் திறப்பதற்கு முன்னால் இருபது நிமிடம் சின்னவனோடு மட்டும், கைப்பேசியும் அடுப்படி வேலையும் இல்லாமல், தரையில் உட்கார்ந்து விளையாடிவிட வேண்டும். அம்மாவின் மடி கிடைத்து நிறைந்த குழந்தை சற்று விலகி விளையாடும். கிடைக்காத குழந்தை அக்காளின் நோட்டின் மேல் வந்து உட்காரும். அதன் பிறகும் அவனை விரட்டாமல், கதை வாசிப்பு, பாட்டு, வாய்ப்பாடு, தமிழில் பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை அவன் இருக்கும்போதே நடத்தலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கும் வீடுகளுக்கு இதில் தனி வசதி உண்டு. பெரியவள் ஒரு கல்லின் பூக்கோலத்தைத் தாளில் வரைந்து, எந்த இடத்தில் மடித்தால் இரு பாதியும் பொருந்தும் என்று பார்க்கும்போது, சின்னவன் பூவுக்குப் பூ தாவி நடக்கலாம். இருவருக்கும் அது பாடம்தான்.

விளையாட்டுப் பொருள்களை எல்லாம் மொத்தமாகக் கொட்டிவைப்பதால் பயனில்லை. ஒன்றரை வயதில் ஒரு பொருளில் சில நிமிடங்களுக்கு மேல் கவனம் நிலைப்பதில்லை. பழகிய பொருளைக் குழந்தை திரும்பிப் பார்ப்பதும் இல்லை. கொட்டான்கள் எனப்படும் பனையோலைக் கூடைகள் ஐந்தாறை எடுத்து, ஒன்றில் மரக்கரண்டியும் எவர்சில்வர் கிண்ணமும், ஒன்றில் துணித் துண்டுகள், ஒன்றில் பெரிய மரக்கட்டைகள் என்று பிரித்து, பாட நேரத்தில் மட்டும் ஒரு கொட்டானை இறக்கி, பாடம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடச் சொல்கிறேன்.

இங்கே பாதுகாப்பைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பாடத்தில் ஆழ்ந்திருக்கும் நேரத்தில்தான் விபத்து நேர்கிறது. ஓரிரு அங்குலத் தண்ணீர் உள்ள வாளியில்கூட நடைபழகும் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கக்கூடும், அதுவும் சத்தமே இல்லாமல். உள்முற்றமான வளவில் மழைநீருக்கு வைத்த அண்டா, பின்கட்டுத் தொட்டி, கிணறு ஆகியவற்றை மூடிவிட்டு, மாடிப்படிக் கதவைச் சாத்திய பிறகே பாடத்துக்கு உட்கார வேண்டும். பல்லாங்குழிச் சோழியும் புளியங்கொட்டையும் பெரியவளுக்கு அருமையான கணக்குக் கருவிகள். ஆனால் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அவை மூச்சுக்குழாயை அடைக்கும் பொருள்கள். அவை தூக்க நேரத்தில் மட்டுமே வெளியே வந்து, எண்ணிப் பார்த்து உள்ளே போக வேண்டும். பொத்தான் வடிவ பேட்டரி விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்தச் சந்தேகம் எழுந்தாலே, காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இந்தக் காவலைப் பெரியவள் தலையில் வைக்கக் கூடாது. "தம்பியைப் பார்த்துக்கிட்டே எழுது" என்று சொல்லும்போது, அவள் எழுதுவதும் இல்லை, தம்பியைப் பார்ப்பதும் இல்லை. நாளடைவில் அவன்மேல் அவளுக்குக் கசப்பு வளர்வதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கைப்பேசியைக் கொடுத்து உட்காரவைப்பதும் தீர்வாகாது. 1 வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், 2 வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் மேலே சொன்ன வழிகாட்டுதலே கூறுகிறது. அப்பத்தா வீட்டில் இருந்தால், காலையில் அரை மணி நேரம் முகப்பிலோ திண்ணையிலோ பேரனை வைத்துக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோடு ஓடும் பிள்ளையின் பின்னால் நாள் முழுவதும் ஓட அவரால் இயலாது. கேளாமலே அவர்மேல் சுமத்தும் வீடுகளில் மனத்தாங்கல்தான் மிஞ்சுகிறது.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை, 14 வயது நிறைந்த பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம்.

கலியாணம், சாந்தி (அறுபதாம் கலியாணம் போன்றவை), முன்னோருக்கான படைப்பு என்று பத்து நாள் ஊரே வீட்டில் கூடியிருக்கும்போது அட்டவணையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஒரு கதை வாசிப்பும் ஐந்து கணக்கும் நடந்தால் அந்த நாளுக்குப் போதும். பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகை நாளிலிருந்து 21 நாளும் நாளுக்கு ஒரு நூல் இழையாக எடுத்துவைக்கும் வீடுகளில், எடுத்தது எத்தனை, மீதி எத்தனை என்று பெரியவளைத் தினமும் கேட்டாலே கழித்தல் படிந்துவிடும்.

நாள் முழுதும் குழந்தையோடு இருக்கும் தாய்க்குத்தான் அதன் வளர்ச்சி முதலில் தெரியும். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற ஆறுதலில் மாதங்களைக் கடத்தாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் முதலில் குறிப்பிட்ட வீட்டில் தம்பிக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. பகலில் அவன் பெரும்பாலும் தூங்குவதில்லை. 12 மணிக்கு அவன் பாயில் படப் புத்தகத்தோடு முக்கால் மணி நேரம் சத்தமின்றிப் படுத்திருக்க வேண்டும் என்று பழக்கி, அந்த நேரத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பட்டாலைச் சுவரில் இருக்கும் தாள் மூன்றாம் முறையாக மாற்றி எழுதப்பட்டது. அதன் முதல் வரியில் தம்பியின் பெயர் இருக்கிறது; அதை எழுதியவள் அக்காள்.